சுருளும் சூரிக்கத்தியும்: தென்னாப்பிரிக்காவின் வாய்ப்பூட்டுச் சட்டங்களும் திருச்சபையின் சாட்சியும்

யூதாவின் அரசனாகிய யோயாக்கீம் தனது குளிர்கால மாளிகையில் அமர்ந்திருக்கிறான். அவன் முன் கணப்பில் நெருப்பு எரிகிறது. எரேமியா சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டவுடன் அரசன் அவற்றைச் சூரிக்கத்தியால் அறுத்து, சுருள் முழுவதும் எரிந்து தீரும்வரை நெருப்பில் எறிகிறான். எல்நாத்தான், தெலாயா, கெமரியா ஆகிய மூவர் வேண்டாமென்று தடுத்தும் அவன் கேட்கவில்லை. எரேமியா 36ஆம் அதிகாரம் தரும் இக்காட்சி, ஆட்சியாளர் எழுத்தின்மீது கை வைப்பதைப் பற்றித் திருமறை நமக்குக் காட்டும் மிகத் தெளிவான சித்திரமாகும்.

இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் கத்தியையும் நெருப்பையுமே எடுத்துக்காட்டுகிறோம். அதற்கு முன்னரே நிகழ்ந்த ஒன்றை ஐந்தாம் வசனம் குறிப்பிடுகிறது. எரேமியா ஏற்கெனவே தடைசெய்யப்பட்டவராக இருந்தார். தேவாலயத்திற்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. அதனாலேயே பாருக்கு தேவைப்பட்டார். ஆக, இங்கே மூன்று செயல்களைக் காண்கிறோம். முதலாவது, பேசுகிறவரை மக்களிடமிருந்து பிரித்தல். இரண்டாவது, எழுதப்பட்டதை அழித்தல். மூன்றாவது, எழுதினவரையும் எழுதுவித்தவரையும் பிடிக்க ஆள் அனுப்புதல் (36:26). இருபதாம் நூற்றாண்டின் அரசுகள் இவற்றோடு புதிதாகச் சேர்த்தது பெரும்பாலும் சட்ட நுணுக்கம் ஒன்றே எனலாம்.

அந்நுணுக்கம் எவ்வாறு இயங்கிற்று என்பதையும், அதன் முன் திருச்சபை எங்கே நின்றது என்பதையும், 1950 முதல் 1990 வரையிலான தென்னாப்பிரிக்க வரலாற்றைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. அந்நாட்டைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே ஆண்டவர்களும் கிறிஸ்தவர்கள். அடக்கப்பட்டவர்களில் மிகப் பலரும் கிறிஸ்தவர்கள். இரு சாராரும் ஒரே திருமறையை வாசித்தனர்.

1. ஒரு சட்டமும் அதன் விரிவும்

இன ஒதுக்கல் கொள்கையை முன்வைத்து 1948ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, 1950ஆம் ஆண்டு கம்யூனிச ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. பெயரைக் கேட்போர் இது ஒரு குறிப்பிட்ட கட்சிக்கு எதிரான சட்டம் என்றே எண்ணுவர். ஆனால் கம்யூனிசம் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த விளக்கம் மிக விரிவானது. குழப்பத்தைத் தூண்டி நாட்டில் அரசியல், தொழில், சமுதாய, பொருளாதார மாற்றம் எதையேனும் உண்டாக்க முயலும் கோட்பாடும் அதனுள் அடங்கியது. இவ்விளக்கத்திற்குள் ஒருவர் வருகிறாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நீதிமன்றத்திடம் இல்லை, அமைச்சரிடம் இருந்தது. இதுவே அச்சட்டத்தின் உயிர்நாடி. குற்றம் சாட்டி, சாட்சிகளை விசாரித்து, தீர்ப்புக் கூறும் முறைக்கு அங்கே இடமில்லை. அமைச்சரின் கையொப்பமிட்ட ஒரு தாள் போதுமானது.

அத்தாளுக்குத் தடையாணை என்று பெயர். அதைப் பெற்றவர் பொதுவாக ஐந்தாண்டுக் காலம் ஒரு குறிப்பிட்ட மாவட்ட எல்லையைத் தாண்டலாகாது. கூட்டங்களில் கலந்துகொள்ளலாகாது, பலருடைய நிலையில், ஒரே சமயத்தில் ஒருவருக்குமேல் யாருடனும் பேசுவதே சட்டவிரோதமான கூட்டமாகக் கருதப்பட்டது. கல்வி நிலையங்களிலும் அச்சகங்களிலும் கால் வைக்கலாகாது. இவை எல்லாவற்றிலும் கொடியது, அவர் சொன்னதையோ எழுதியதையோ வேறு எவரும் மேற்கோள் காட்டலாகாது என்பதாகும். இவ்விதிக்கு உட்பட்டவர் தமது வீட்டிலேயே இருப்பார், உண்பார், உறங்குவார். ஆயினும் பொதுவாழ்வைப் பொறுத்தமட்டில் அவர் இறந்தவர். அவருடைய வாயை மூடியதோடு நில்லாமல், நாட்டு மக்கள் அனைவருடைய செவிகளையும் சட்டம் அடைத்துவிட்டது.

இத்தகைய ஆணையைப் பெற்றவர்களுள் ஒருவர், 1938ஆம் ஆண்டு சென்னைக்கு அருகே தாம்பரத்தில் கூடிய அனைத்துலக அருட்பணி மாநாட்டிற்குப் பிரதிநிதியாக வந்திருந்த ஆல்பர்ட் லுத்துலி ஆவார். சூலு இனத்தவர், சபைமுறைத் திருச்சபையைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியர், பிரசங்கியார், தம் ஊராகிய க்ரௌட்வில்லின் தலைவர். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸைவிட்டு விலகாவிடில் ஊர்த்தலைவர் பதவியை இழக்க நேரிடும் என்று அரசு எச்சரித்தபோது அவர் விலக மறுத்தார். 1952ஆம் ஆண்டு பதவி பறிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் காங்கிரஸின் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். அதன்பின் அவருடைய வாழ்வு ஒரு தடையாணையிலிருந்து மற்றொரு தடையாணைக்குச் செல்வதாகவே இருந்தது. 1960ஆம் ஆண்டிற்குரிய அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற 1961 டிசம்பரில் ஆஸ்லோ செல்வதற்குச் சில நாட்களே அனுமதி கிடைத்தது. 1962ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்றை உலகமெங்கும் படித்தார்கள். அவருடைய சொந்த நாட்டிலோ அதிலிருந்து ஒரு வரியை எடுத்தாளுவதும் குற்றமாயிற்று. அகிம்சையை வற்புறுத்திய ஒரு கிறிஸ்தவரின் குரலே இவ்வாறு அடக்கப்பட்டதென்றால், சட்டம் எவ்வளவு தூரம் விரிந்தது என்பதை உணரலாம். 1967ஆம் ஆண்டு தம் ஊருக்கு அருகே இரயில் மோதி அவர் இறந்தபோதும் தடையாணைக்கு உட்பட்டவராகவே இருந்தார்.

2. பத்திரிகைகளின்மீது விழுந்த கை

தென்னாப்பிரிக்கப் பத்திரிகை வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடமுண்டு. காந்தியடிகளின் முயற்சியால் 1903ஆம் ஆண்டு நேட்டாலில் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஒப்பீனியன்' முதலில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. வாக்குரிமையற்ற மக்களுக்கு அச்சகமே மன்றமாக அமைந்தது என்பதற்கு இது சான்று. அதனாலேயே அச்சகத்தின்மீது அரசின் கண் எப்பொழுதும் இருந்தது.

கேப்டவுனிலிருந்து வெளிவந்த 'தி கார்டியன்' என்ற இடதுசாரி வார இதழ் 1952ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. அதை நடத்தியோர் வேறு பெயரில் இதழைத் தொடர்ந்தனர். 'அட்வான்ஸ்' என்ற பெயரில் வந்தது 1954ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. 'நியூ ஏஜ்' என்ற பெயரில் வந்தது 1962ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. 'ஸ்பார்க்' என்ற பெயரில் வந்தபோது, இதழைத் தடைசெய்வதைவிட அதை எழுதுவோரைத் தடைசெய்வது எளிது என்று அரசு கண்டுகொண்டது. ஆசிரியர் குழுவினர்மீது தடையாணைகள் விழுந்தன. 1963ஆம் ஆண்டு இதழ் நின்றது. அதற்குள் புதிய பத்திரிகை தொடங்குவோரிடம் 20,000 ராண்ட் வரை ஜாமீன் தொகை கேட்கும் அதிகாரத்தையும் அரசு பெற்றிருந்தது. இதழ் தடைசெய்யப்பட்டால் அத்தொகையும் போய்விடும். 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்தின்கீழ் ஆங்கில ஆட்சி நம் நாட்டு அச்சகங்களிடம் ஜாமீன் கேட்டதை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று.

பெரிய நாளிதழ்களைப் பணிய வைக்க வேறொரு வழி கையாளப்பட்டது. 1959ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டம், சிறை நிலைமைகளைப் பற்றிப் பொய்யான செய்தி வெளியிடுவதைக் குற்றமாக்கியது. பொய்யை யார்தான் ஆதரிப்பர்? ஆயினும், செய்தியைச் சரிபார்க்கத் தக்க முயற்சி எடுத்ததாக மெய்ப்பிக்கும் பாரம் வெளியிட்டவர்மேல் சுமத்தப்பட்டது. ஜோகானஸ்பர்கின் 'ரேண்ட் டெய்லி மெயில்' 1965ஆம் ஆண்டு சிறைகளின் அவல நிலையைப் பற்றித் தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. செய்தி தந்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். ஆசிரியர் லாரன்ஸ் காண்டரும் செய்தியாளர் பெஞ்சமின் போக்ரண்டும் நீண்ட வழக்கிற்குப்பின் 1969ஆம் ஆண்டு குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அதன்பின் பல்லாண்டுகள் சிறைகளைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் அஞ்சின. தணிக்கை அதிகாரி ஒருவரும் அலுவலகத்திற்கு வரவில்லை. ஆசிரியரின் உள்ளத்திலேயே அவர் குடிபுகுந்துவிட்டார். பத்திரிகைகள் வழக்கறிஞரைக் கேட்டே வரி வரியாக வெளியிடும் நிலை வந்தது.

அடக்குவதோடு அரசு நிற்கவில்லை. தன் குரலையும் மாறுவேடத்தில் அனுப்பியது. வானொலி ஏற்கெனவே அதன் கையில் இருந்தது. 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தி சிட்டிசன்' என்னும் ஆங்கில நாளிதழ் பொதுமக்களின் வரிப்பணத்தில் இரகசியமாக நடத்தப்பட்டது என்பதை 1978ஆம் ஆண்டு பிற பத்திரிகைகள் வெளிப்படுத்தின. அதன் விளைவாக அமைச்சர் கானி முல்டர் பதவி விலகினார். பிரதமராயிருந்து பின்னர் குடியரசுத் தலைவரான ஜான் ஃபோர்ஸ்டரும் 1979ஆம் ஆண்டு பதவி விலக நேர்ந்தது. இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு இடையிலும் பத்திரிகையின் பணி எத்துணை வலிமையுள்ளது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

3. பெத்தேலின் ஆசாரியன்

இதுவரை அரசைப் பற்றிப் பேசினோம். இனித் திருச்சபையைப் பற்றிப் பேச வேண்டும். ஆமோஸ் 7ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியின் வாயை அடைக்க முற்பட்டவன் அரசன் அல்லன். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா. அது அரசனுடைய பரிசுத்த ஸ்தலம் என்பதே அவன் கூறிய காரணம். தென்னாப்பிரிக்காவிலும் இது நிகழ்ந்தது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸும் அனைத்து ஆப்பிரிக்கக் காங்கிரஸும் தடைசெய்யப்பட்டன. இச்சூழலில் அவ்வாண்டு டிசம்பரில், உலகத் திருச்சபை மன்றத்தின் தென்னாப்பிரிக்க உறுப்பினர் சபைகள் ஜோகானஸ்பர்கின் காட்டஸ்லோவில் கூடி ஆலோசித்தன. கிறிஸ்துவை விசுவாசிக்கும் எவரையும் நிறத்தின் காரணமாக எந்தத் திருச்சபையிலிருந்தும் விலக்கலாகாது என்றும், கலப்பு மணத்தைத் தடைசெய்யத் திருமறையில் ஆதாரமில்லை என்றும் அக்கூட்டம் அறிவித்தது. டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் கேப், டிரான்ஸ்வால் பிரதிநிதிகளும் அவ்வறிக்கையை ஏற்றனர். ஆனால் பிரதமர் ஃபெர்வூர்ட் அதிருப்தி தெரிவித்தார். 1961ஆம் ஆண்டு அவ்விரு சினாடுகளும் தங்கள் பிரதிநிதிகளின் முடிவை நிராகரித்து, உலக மன்றத்தினின்றும் விலகின.

அப்பிரதிநிதிகளில் ஒருவர் பேயர்ஸ் நோடே. ஆப்பிரிக்கானர் இனத்தின் செல்வாக்கு மிக்க குடும்பத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர்; 'ப்ரூடர்பாண்ட்' என்னும் இரகசியச் சகோதரர் சங்கத்தின் உறுப்பினராயிருந்தவர்; தம் சபையில் உயர்ந்த பொறுப்புகளை வகித்தவர். காட்டஸ்லோ அறிக்கையை அவர் கைவிட மறுத்தார். 1962ஆம் ஆண்டு 'ப்ரோ வெரிட்டாத்தே', அதாவது 'உண்மைக்காக', என்னும் மாத இதழைத் தொடங்கினார். 1963ஆம் ஆண்டு பல சபையினரும் பல இனத்தவரும் சேர்ந்த கிறிஸ்தவ நிறுவனம் உருவாயிற்று. அதன் இயக்குநர் பொறுப்பையா, போதகர் பணியையா, எதைத் தெரிந்துகொள்வது என்ற நிலைக்கு அவருடைய சபை அவரைக் கொண்டுவந்தது. மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே தகும் என்னும் அப்போஸ்தலர் 5:29ஐ ஆதாரமாகக்கொண்டு தம் சபையாருக்குப் பிரசங்கித்து, அவர் பிரசங்க பீடத்தைவிட்டு இறங்கினார்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். அரசு நோடேயின் வாயை அடைத்தது 1977ஆம் ஆண்டு. திருச்சபை அவருடைய பிரசங்க பீடத்தை மூடியது 1963ஆம் ஆண்டு. அரசனுடைய கத்தி நீளுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஆசாரியன் தன் வேலையை முடித்துவிட்டான். தன் சொந்த மக்களால் கைவிடப்பட்டவரை அடக்குவது எந்த அரசுக்கும் எளிது.

4. 1977 அக்டோபர் 19

1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவின் மாணவர்கள், ஆப்பிரிக்கான்ஸ் மொழி தங்கள்மீது திணிக்கப்பட்டதை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். காவலர் சுட்டனர். சுடப்பட்ட ஹெக்டர் பீட்டர்சன் என்னும் சிறுவனை ஓர் இளைஞன் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சியைச் சாம் ந்ஸிமா படம் எடுத்தார். கறுப்பின மக்கள் மிகுதியாக வாசித்த 'தி வேர்ல்ட்' நாளிதழ் அதை வெளியிட்டது. அப்படம் உலகெங்கும் பரவியது. அதன் ஆசிரியர் பெர்சி கொபோசா.

மறு ஆண்டு, கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர் ஸ்டீவ் பிக்கோ காவலில் வைக்கப்பட்டு, செப்டம்பர் 12 அன்று மூளையில் ஏற்பட்ட காயத்தால் இறந்தார். அவருக்கு வயது 30. அவர் 1973 முதல் தடையாணைக்கு உட்பட்டிருந்தவர். அவர் உண்ணாவிரதத்தால் இறந்தார் என்னும் எண்ணம் எழும்படி நீதித்துறை அமைச்சர் ஜிம்மி க்ரூகர் பேசினார். பத்திரிகைகள் அதை ஏற்கவில்லை. உண்ணாவிரதத்தின் அறிகுறி உடலில் இல்லை என்பதை 'ரேண்ட் டெய்லி மெயில்' வெளியிட்டது. பிக்கோவின் நண்பரும் 'டெய்லி டிஸ்பாட்ச்' ஆசிரியருமான டொனால்ட் வூட்ஸ் நியாயம் கேட்டுத் தொடர்ந்து எழுதினார்.

ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 19 புதன்கிழமை, அரசு பதில் கூறியது. 'தி வேர்ல்ட்', அதன் வார இறுதிப் பதிப்பு, 'ப்ரோ வெரிட்டாத்தே' ஆகியவை ஒரே நாளில் தடைசெய்யப்பட்டன. பதினைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சட்டவிரோதமானவை என அறிவிக்கப்பட்டன. கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கமும் கிறிஸ்தவ நிறுவனமும் அவற்றில் அடங்கும். கொபோசா ஏறத்தாழ ஐந்து மாதங்கள் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். வூட்ஸும் நோடேயும் ஐந்தாண்டுத் தடையாணை பெற்றனர். வூட்ஸ் அவ்வாண்டின் இறுதியில் எல்லை கடந்து லெசோத்தோவிற்குத் தப்பிச் சென்றார். நோடே நாட்டிலேயே தங்கினார். அவர்மீதிருந்த தடை மேலும் நீட்டிக்கப்பட்டு, 1984ஆம் ஆண்டிலேயே நீங்கியது. அந்த ஏழாண்டுகள் அவர் தம்மை நாடி வந்தவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து ஆலோசனை கூறினார். கறுப்புப் புதன் என்று பெயர் பெற்ற அந்நாள், இன்று அந்நாட்டில் பத்திரிகைச் சுதந்திர நாளாக நினைவுகூரப்படுகிறது.

இக்கட்டுரையின் மையக் கருத்து இங்கேதான் அமைந்துள்ளது. கிறிஸ்தவ நிறுவனம் எந்தச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்டது? உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ். அது புதிய சட்டமன்று. 1950ஆம் ஆண்டின் கம்யூனிச ஒழிப்புச் சட்டமே 1976ஆம் ஆண்டு திருத்தப்பட்டு அப்பெயரைப் பெற்றது. கடவுளை மறுப்போரின் பத்திரிகை 1952ஆம் ஆண்டு மூடப்பட்டபோது, அது தங்கள் காரியமன்று என்று கிறிஸ்தவர்களுள் பலர் எண்ணியிருந்தனர். அதே சட்டம் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிறிஸ்தவ இதழின் வாசலில் வந்து நின்றது. குற்றம் இன்னதென்று நீதிமன்றத்தில் காட்டாமலே ஒருவருடைய வாயை அடைக்கும் அதிகாரத்தை ஆட்சியாளரிடம் கொடுத்துவிட்டால், அது யாருக்கெதிராகப் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது கொடுத்தவர் அல்லர்.

5. ரோமர் 13ஆம் அதிகாரம்

வகுப்பறையில் மாணவர்கள் கேட்கும் வினா ஒன்று உண்டு. மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எழுதியிருக்க, அரசின் ஆணையைப் போதகர் எதிர்த்துப் பேசலாமா? தென்னாப்பிரிக்க ஆட்சியாளரும் இவ்வினாவையே எழுப்பினர். 1985ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளின்போது மோரியா என்னுமிடத்தில் இலட்சக்கணக்கில் கூடிய சீயோன் கிறிஸ்தவ சபையாரிடம் பேசிய குடியரசுத் தலைவர் போத்தா, ரோமர் 13ஐ எடுத்துக்காட்டினார்.

அவ்வாண்டு செப்டம்பரில், சொவெட்டோவில் கூடிய இறையியலாளர்களும் போதகர்களும் உருவாக்கிய 'கைரோஸ்' அறிக்கை வெளிவந்தது. அது மூவகை இறையியல்களைப் பிரித்துக் காட்டியது. ஆட்சியில் இருப்பதாலேயே ஆட்சியைத் தெய்வ சித்தமாக்குவது அரச இறையியல். நியாயத்தைப் பற்றிப் பேசாமலேயே ஒப்புரவாகுதலைப் பற்றிப் பேசுவது திருச்சபை இறையியல். அடக்கப்படுகிறவர்களின் நிலையிலிருந்து காலத்தின் அடையாளங்களை வாசிப்பது தீர்க்கதரிசன இறையியல். ரோமர் 13 எக்காலத்திற்கும் எவ்வரசுக்கும் எழுதித் தரப்பட்ட முழு உரிமைப் பத்திரமன்று என்பதை அவ்வறிக்கை வற்புறுத்தியது.

வேதப் பொருள் விளக்க முறைப்படி நோக்கினும் இதுவே சரி. நன்மை செய்கிறவர்களுக்கு அச்சமின்றி, தீமை செய்கிறவர்களுக்கே அச்சம் உண்டாக்கும் அதிகாரத்தைக் கடவுளின் ஊழியக்காரன் என்கிறார் பவுல் (13:3-4). ஊழியக்காரன் தன் எசமானுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். கணக்குக் கேட்கும் குரல்களை அடைத்துவிடுகிற ஊழியக்காரன் தன்னையே எசமானாக்கிக் கொள்கிறான். அந்நிலையை வருணிக்கப் புதிய ஏற்பாட்டில் வேறொரு பதின்மூன்றாம் அதிகாரம் உண்டு. அது திருவெளிப்பாட்டில் இருக்கிறது. ஒரே அரசாங்கத்தைக் குறித்துத்தான் இவ்விரு அதிகாரங்களும் எழுதப்பட்டன என்பதை மறந்துவிடலாகாது.

6. பாருக்கின் பணி

1986 ஜூன் 12 அன்று நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கலவரப் பகுதிகளுக்குச் செய்தியாளர் செல்லலாகாது. காவற்படையினரின் செயல்களைப் படம் எடுக்கலாகாது. 'வீக்லி மெயில்' இதழ் தடைக்குட்பட்ட வரிகளைக் கறுப்பு மையால் மறைத்து அச்சிட்டது. தணிக்கை நடந்திருக்கிறது என்று காட்டும் வெற்றிடங்களுக்கும் பின்னர்த் தடை வந்தது. மௌனமாக்கப்பட்டதைச் சொல்லவும் உரிமையில்லை என்பதே இதன் பொருள்.

இக்காலத்தில் திருச்சபைகள் தங்களிடம் எஞ்சியிருந்த இடத்தைப் பயன்படுத்தின. கத்தோலிக்க ஆயர் பேரவை 'நியூ நேஷன்' என்னும் வார இதழை 1986ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் ஆசிரியர் ஸ்வெலாக்கே சிசுலு அவ்வாண்டு டிசம்பர் முதல் ஏறத்தாழ இரண்டாண்டுகள் விசாரணையின்றிச் சிறையில் இருந்தார்; 1988ஆம் ஆண்டு இதழும் மூன்று மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. காவலில் இருப்போரை விடுவிக்கக் கோருவதே குற்றம் என 1987 ஏப்ரலில் ஆணை பிறந்தபோது, பேராயர் டூட்டூ கேப்டவுன் பேராலயத்தில் அவர்களுடைய விடுதலைக்காக மன்றாடும் வழிபாட்டை நடத்தினார். 1988 பிப்ரவரியில் பதினேழு அமைப்புகள் முடக்கப்பட்டன. அம்மாதம் 29ஆம் நாள், டூட்டூ, ஆலன் புசாக், ஃபிராங்க் சிக்கானே, இந்திய வம்சாவளியினரான கத்தோலிக்கப் பேராயர் ஸ்டீபன் நாயுடு முதலியோர் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்று கைதாயினர். பேச உரிமை இழந்தவர்களின் சொல்லை எடுத்துச் செல்லவே அவர்கள் சென்றனர்.

இப்பணிக்குக் கிரயம் செலுத்த வேண்டியிருந்தது. 1988 ஆகஸ்டு 31 அன்று தென்னாப்பிரிக்கத் திருச்சபை மன்றத்தின் தலைமையகமாகிய கோட்சோ இல்லம் வெடிகுண்டினால் தகர்க்கப்பட்டது. அதில் அரசுக்குப் பங்குண்டு என்பதை, அன்றைய சட்டம் ஒழுங்கு அமைச்சர் ஏட்ரியன் ஃப்ளோக் பின்னர் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்தின்முன் ஒப்புக்கொண்டார். நிருபர்கள் எழுத இயலாமற்போன உண்மை, செய்தவரின் வாயினாலேயே வெளிவந்தது.

யோயாக்கீம் எரித்த சுருளின் கதை நெருப்போடு முடியவில்லை. பாருக்கு மீண்டும் உட்கார்ந்து எழுதினார். முன்னிருந்த சொற்களோடு வேறு பல சொற்களும் சேர்க்கப்பட்டன (36:32). 'தி வேர்ல்ட்' மறைந்தபின் 'போஸ்ட்' வந்தது. அதுவும் நிறுத்தப்பட்டபின் 1981ஆம் ஆண்டு 'சொவெட்டன்' வந்தது. 1990 பிப்ரவரி 2 அன்று அமைப்புகளின் மீதான தடைகள் நீக்கப்பட்டன. 1994ஆம் ஆண்டு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பொதுச் சினாடு நோடேயை மீண்டும் வரவேற்று, அவருக்கு இழைத்த தவற்றை ஒப்புக்கொண்டது. 1996ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் தன் 16ஆம் பிரிவில் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லிப் பாதுகாத்தது. உடனடி வன்முறையைத் தூண்டுவதற்கும் இனப் பகையைப் பரப்பி மக்களுக்குத் தீங்கு விளைவிக்கத் தூண்டுவதற்கும் அப்பாதுகாப்பு இல்லை என்றும் வரையறுத்தது. எல்லைகளைச் சட்டம் முன்கூட்டியே சொல்ல, நீதிமன்றம் அவற்றை விளக்குகிறது. அமைச்சரின் கையொப்பத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

முடிவுரை

போதகராகவும் போதகராகப் பயிலுவோராகவும் இருக்கும் நமக்கு இவ்வரலாறு சில கடமைகளைச் சுட்டுகிறது. முதலாவது, வாயடைக்கப்பட்டவர் நம்மவரா என்று கேட்டு, அதன்பின் இரங்குவதை விட்டுவிட வேண்டும். அவருடைய கருத்தை மறுக்க நமக்கு உரிமையுண்டு. மறுப்பதற்கும் அவர் பேச வேண்டுமே. இரண்டாவது, செய்தி மறைக்கப்படும் காலத்தில் வதந்தி பெருகும். ஆகவே திருச்சபை சொல்வது சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். பாருக்கு தாம் கேட்டதையே எழுதினார். மூன்றாவது, சிறையிலிருப்போரைப் பெயர் சொல்லி மன்றாடுவது எளிய செயலாகத் தோன்றினும், மறக்கடிக்க முயலும் ஆட்சியின்முன் அது ஒரு சாட்சி. நான்காவது, நம் சொந்த வீட்டைப் பார்க்க வேண்டும். சபைக் குழுக்களிலும் மகாசபைகளிலும் கணக்குக் கேட்பவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நம் இதழ்களில் எவருடைய கடிதங்கள் அச்சேறுவதில்லை? அமத்சியாவின் அங்கியை அணிந்துகொண்டு ஆமோஸைப் பிரசங்கிக்க இயலாது.

இப்பணி புகழ் தருவதன்று. எரேமியா 45ஆம் அதிகாரத்தில் பாருக்கு இளைப்பின்றிச் சோர்ந்து முறையிடுகிறார். தனக்கெனப் பெரிய காரியங்களைத் தேடவேண்டாம் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். உயிர் ஒன்றே கொள்ளைப்பொருளாகக் கொடுக்கப்படும் என்பதே வாக்குறுதி. அவர் பிறருடைய சொல்லைக் காத்தவர். அச்சொல்லைத்தான் நாம் இன்று பிரசங்க பீடத்தில் திறந்து வாசிக்கிறோம்.